ராம்நாத் நீச்சல் வகுப்பு

முருகன் துணை

டத்தோ கிராமாட், பினாங்கு
18 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை கௌரிக்கு அண்ணன் வயிரவன் எழுதுவது.

நானும் கண்ணம்மையும் சுகம். அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அறிய ஆவல்.

நீ கான்பெரா போய்ச் சேர்ந்ததைக் கண்ணம்மை உன்னோடு ஃபோனில் பேசிவிட்டுச் சொன்னாள். என்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டாயாம். நான் வாங்கவில்லை என்று வருத்தப்படாதே. என் பிள்ளை கடலில் போன செய்தி ஃபோனில் வந்ததிலிருந்து என்னால் அதைக் காதில் வைக்க முடிவதில்லை. அதனால் எழுது. வங்கியில் இருந்த காலமெல்லாம் யார் யாருக்கோ கடிதம் எழுதியவன், தங்கைக்கு மெயில் எழுத மாட்டேனா?

நாற்பது வயதில் அரசாங்க வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு முதுகலைப் படிப்பா என்று சித்தப்பா வீட்டில் கேட்டார்கள். படித்துவிட்டு வந்து உங்களுக்கெல்லாம் விளக்குவாள் என்றேன். உண்மையில் பொதுக்கொள்கை என்றால் என்ன என்று எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

வகுப்பு நன்றாக நடக்கிறது. ராமு போன மறுவருஷம் அவன் பெயரில் தொடங்கியது. கோவிட் காலம் தவிர நிற்கவில்லை. பாலிக் புலாவ் மீனவக் கிராமங்களிலிருந்தும் ஜெலுத்தோங் ஃபிளாட்டுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நான்கு சனிக்கிழமைகளில் ஸுல்கிஃப்லி அவர்களை நீச்சல் குளத்தின் குறுக்கே நீந்த வைத்துவிடுகிறான். ஹோட்டலில் உயிர்காப்பாளனாக இருந்தவன் அல்லவா, அவன் குரலுக்கு எந்தப் பிள்ளையும் பயம் விட்டுத் தண்ணீரில் இறங்கிவிடும்.

ஒரு நல்ல செய்தி. கோலாலம்பூரில் ஓர் அறக்கட்டளை, இந்த வகுப்பைப் பத்து ஊர்களில் நடத்தலாம் என்கிறது. ராமு பெயரிலேயே. ஆனால் முறையான மதிப்பீட்டு அறிக்கை ஒன்று வேண்டுமாம். நீ படிக்கப் போனது அதைத்தானே? யோசித்து எழுது.

கண்ணம்மைக்கு இந்தச் சனிக்கிழமையும் தலைவலி. குளத்துக்கு வரவில்லை. உனக்கு ஊறுகாய் அனுப்பலாமா, அங்கே விடுவார்களா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அண்ணன் வயிரவன்

---

கான்பெரா
10 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம். அண்ணமிண்டியின் தலைவலி தேவலையா? டாக்டரிடம் காட்டினீர்களா? ஊறுகாய் வேண்டாம் என்று சொல்லுங்கள், விமான நிலையத்திலேயே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் படிக்க வந்தவர்கள். ஃபிஜியிலிருந்து ஒரு சுகாதார அதிகாரி, ஜகார்த்தாவிலிருந்து இரண்டு பேர். பத்து வருஷம் அலுவலகத்தில் நானும் எத்தனையோ திட்டங்களுக்கு அறிக்கை எழுதினேன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தையல் இயந்திரம் கொடுத்தோம் என்று எழுதுவோம். அதனால் அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று யாரும் கேட்டதில்லை. இங்கே முதல் நாளிலிருந்து கேட்பது அது ஒன்றைத்தான். அந்தத் திட்டம் நடக்காமலே இருந்திருந்தால் இவர்கள் எப்படி இருந்திருப்பார்கள்? அதைக் கண்டுபிடிப்பதுதான் படிப்பே.

உங்கள் யோசனையைப் பேராசிரியரிடம் சொன்னேன். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் நீங்கள் பெயரெழுதிக் குலுக்கிப் போடுவீர்கள் என்றதும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். யாருக்கும் சலுகை காட்டாமல் குலுக்கியிருக்கிறீர்கள். அதனால் இடம் கிடைத்த பிள்ளைகளும் கிடைக்காத பிள்ளைகளும் மற்றபடி ஒரே மாதிரிதான். இரு பக்கத்தையும் பார்த்தால் வகுப்பு என்ன செய்தது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். பெரிய நிறுவனங்கள்கூட இவ்வளவு நேர்மையாகச் செய்வதில்லை என்றார்.

இதையே என் ஆய்வாக எடுத்துக்கொள்கிறேன். ஜூன் கடைசியில் வந்து ஒரு மாதம் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன் அண்ணே. முடிவு எப்படியும் வரலாம். நல்லதாக வந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படியேதான் எழுத வேண்டும். அதற்குச் சம்மதமா?

அண்ணமிண்டிக்கு என் அன்பு.

தங்கை,
கௌரி

---

டத்தோ கிராமாட்
24 மார்ச் 2024

அன்புத் தங்கை கௌரிக்கு,

இங்கு இருவரும் நலம். வெயில்தான் தாங்கவில்லை. உன் கடிதத்தைக் கண்ணம்மைக்குப் படித்துக் காட்டினேன். தலைவலி சனிக்கிழமை மத்தியானம் தானாகவே போய்விடுகிறது, டாக்டர் எதற்கு என்கிறாள்.

சம்மதமா என்று என்னிடம் கேட்கிறாயே. வங்கியில் தணிக்கைக்காரர்கள் வந்தால் எல்லா அலமாரியையும் திறந்து வைத்துவிட்டு வெளியே போய் நிற்பவன் நான். உள்ளதை உள்ளபடி எழுது. தங்கை எழுதினாள், அதனால் நல்லதாக எழுதினாள் என்று ஒருவன் சொல்லிவிடக் கூடாது.

ஸுல்கிஃப்லியிடம் சொன்னேன். சிரித்தான். அவன் காலத்தில் கடலில் இறங்கினால்தான் நீச்சல் வந்ததா இல்லையா என்று தெரியுமாம், இப்போது அதற்குப் பட்டப்படிப்பு வந்துவிட்டதா என்றான். கேலிதான், கோபமில்லை. உன்னோடு வீடு வீடாகப் போக இரண்டு பெண்களை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான். இஸ்ஸதி, மர்ஜானா என்று பெயர். இருவரும் கல்லூரியில் படிக்கிறார்கள்.

திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் என்று ஒரு கேள்வி எழுதியிருந்தாய். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். அன்றைக்குக் காலை கூட்டாளிகளோடு கடலுக்குப் போகட்டுமா என்று ராமு கேட்டபோது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்று நானும் தினமும்தான் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு உங்கள் படிப்பில் வழி இருக்காது. சரி, விடு.

உன் அறையைக் கண்ணம்மை இப்போதே ஒழித்து வைத்துவிட்டாள். குளிருக்கு நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கொள்.

அன்புடன்,
அண்ணன்

---

கான்பெரா
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணமிண்டிக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பினாங்கு வெயிலிலிருந்து இறங்கியதும் இங்கே புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. ஒரு நாள் தொண்டை கட்டியிருந்தது, இப்போது சரியாகிவிட்டது. உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

அந்த மாதம் முழுக்க எனக்குச் சமைத்துப் போட்டு, துணி துவைத்து, மழையில் நனைந்து வரும்போதெல்லாம் துண்டோடு வாசலில் நின்றீர்களே அண்ணமிண்டி, எப்படி மறப்பேன். மீனவக் கிராமத்தில் ஒரு வீடு விடாமல் போய்விட்டோம். இஸ்ஸதியும் மர்ஜானாவும் இல்லாவிட்டால் பாதிக் கதவுகள் திறந்திருக்காது.

உங்களிடம் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன் அண்ணே. சலேஹா என்று ஒரு அம்மா, வீட்டில் நெத்திலி காயவைத்து விற்பவர். அவர் மகள் நஜ்வா போன வருஷம் உங்கள் வகுப்பில் படித்தவள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் கடலில் இறங்கி, தூரத்தில் கட்டியிருந்த படகு வரைக்கும் நீந்திப் போய், அதில் ஏறி நின்று எங்களுக்குக் கை ஆட்டினாள். சலேஹா கை தட்டினார். முன்பெல்லாம் முழங்கால் தண்ணீருக்கே அழுவாளாம். நானும் தட்டினேன். அவள் திரும்பி வந்து கரையில் கால் ஊன்றும் வரை மட்டும் கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு நின்றேன். நான் நீந்தத் தெரியாதவள், அதனாலாக இருக்கும்.

சேகரித்ததையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஆராய ஒரு மாதமாவது ஆகும்.

தங்கை,
கௌரி

---

டத்தோ கிராமாட்
1 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை கௌரிக்கு,

நலம். உன் தொண்டைக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடி, சுக்கு அங்கே சீனர் கடையில் கிடைக்கும் என்கிறாள் கண்ணம்மை.

நஜ்வா கதையை ஸுல்கிஃப்லிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். குளத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் சனிக்கிழமை முழுக்க விட மாட்டேன் என்று நின்ற பிள்ளையாம் அது. அன்றைக்குக் காரில் திரும்பும்போது, ராமு இல்லையே தவிர அவன் பெயரைச் சொல்லி எத்தனை பிள்ளைகள் தண்ணீரில் மிதக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை புதிய குழு தொடங்குகிறது. இம்முறை விண்ணப்பம் குவிந்துவிட்டது. அறக்கட்டளைக்காரர்கள் நவம்பர் கடைசிக்குள் அறிக்கை கேட்கிறார்கள். வந்தவரைக்கும் என்ன தெரிகிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
அண்ணன்

---

கான்பெரா
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்களும் அண்ணமிண்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை அதிகம். இங்கே வசந்த காலம் தொடங்கிவிட்டது. மேக்பை என்று கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை, குஞ்சு பொரிக்கும் காலத்தில் தெருவில் போகிறவர்களைத் தலையில் கொத்த வருகிறது. சைக்கிள்காரர்கள் தலைக்கவசத்தில் குச்சிகளைச் செருகிக்கொண்டு போகிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நான் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

சுக்கு கிடைத்தது. மற்றவை பிறகு எழுதுகிறேன்.

கௌரி

---

டத்தோ கிராமாட்
20 அக்டோபர் 2024

அன்புள்ள கௌரிக்கு அண்ணமிண்டி கண்ணம்மை எழுதுவது.

இங்கு எல்லாரும் சுகம். நீ சுகமா என்று சும்மா கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். நான் மெயில் எழுதிப் பழக்கமில்லாதவள், தப்பிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உன் அண்ணன் தூங்குகிற நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

ஃபோனில் கேட்டால் படிப்பு, வேலை, அந்தப் பறவை என்று சுற்றி வருகிறாய். போன ஞாயிறு நான் வகுப்பைப் பற்றி வாயெடுத்ததும் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டாய். உன்னைச் சின்னப் பெண்ணிலிருந்து எனக்குத் தெரியும். நீ பொய் சொல்ல மாட்டாய், சொல்லாமல் இருப்பாய்.

உன் அண்ணன் தினமும் காலையில் மெயிலைத் திறந்து பார்க்கிறார். அவளுக்குப் பரீட்சை நேரம் என்று தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். அறக்கட்டளைக்கு அனுப்ப ராமுவின் படம் ஒன்று தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்.

என்ன என்று என்னிடமாவது சொல்.

உன் அண்ணமிண்டி,
கண்ணம்மை

---

கான்பெரா
22 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணமிண்டிக்கு,

நான் சுகமில்லை. காய்ச்சல் ஒன்றுமில்லை, மனசுதான்.

செப்டம்பர் இரண்டாம் வாரமே முடிவு தெரிந்துவிட்டது. வகுப்பில் படித்த பிள்ளைகள் குளத்தில் நன்றாக நீந்துகிறார்கள். ஆனால் கடலில், இடம் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். தனியாகப் போகிறார்கள், தூரம் போகிறார்கள். பெற்றவர்களும் இவனுக்குத்தான் நீச்சல் தெரியுமே என்று விட்டுவிடுகிறார்கள். தத்தளித்து, படகுக்காரர்கள் தூக்கிப் போட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் நம் வகுப்புப் பிள்ளைகள். தப்பாகக் கணக்குப் போட்டிருப்பேன் என்று முதலிலிருந்து திரும்பச் செய்தேன். பேராசிரியரிடமும் கொடுத்தேன். அவரும் பார்த்துவிட்டு, உன் அண்ணனுக்குச் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

இதை எந்த வார்த்தையில் அவருக்கு எழுதுவது? ஒவ்வொரு நாளும் எழுதி அழிக்கிறேன். ராமு பெயர் இருக்கிறதே அண்ணமிண்டி, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இதை எப்படி எழுதுவேன்? நீங்கள் சொல்லுங்கள்.

கௌரி

---

டத்தோ கிராமாட்
25 அக்டோபர் 2024

கௌரி,

படித்தேன். இரண்டு நாளாக அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படியிலேயே நிற்கிறேன்.

தீபாவளி வருகிறது. அவருக்கு எழுதாதே. அறக்கட்டளைக்கு ஏதாவது காரணம் சொல்லி, உன்னால் முடிக்க முடியவில்லை என்று எழுதிவிடு. பத்து ஊரில் நடக்காமல் போகட்டும். இங்கே நடப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே குறைக்கச் சொல்கிறேன். பிள்ளையைக் கொடுத்த பிறகு அவர் இதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றார். இதையும் பிடுங்கினால் அவர் எதைப் பிடிப்பார்?

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கண்ணம்மை

---

கான்பெரா
3 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களையும் அண்ணமிண்டியையும் வணங்கி எழுதுகிறேன். தீபாவளி நல்லபடியாக முடிந்திருக்கும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் அண்ணமிண்டி இருக்கட்டும்.

உள்ளதை உள்ளபடி எழுது என்றீர்கள். எழுதுகிறேன்.

உங்கள் வகுப்பு எதைக் கற்றுக்கொடுக்க நினைத்ததோ அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நாங்கள் குளத்தில் சோதித்த பிள்ளைகளில் உங்களிடம் படித்தவர்கள் மிதக்கிறார்கள், குறுக்கே நீந்துகிறார்கள். படிக்காதவர்களுக்குத் தெரியவில்லை. இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் குளத்துக்கு வெளியே நடப்பது வேறு. படிக்காத பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் கடலுக்குப் போவது அபூர்வம். படித்தவர்கள் அடிக்கடி போகிறார்கள். ஆழத்துக்குப் போகிறார்கள். போன ஒரு வருஷத்தில் தண்ணீரில் சிக்கி, யாரோ இழுத்துக் கரை சேர்த்த பிள்ளைகள் அவர்களில் இரண்டு மடங்குக்கும் மேல். யாரும் இறக்கவில்லை.

நான்கு சனிக்கிழமைகளில் கற்றது கடலுக்குப் போதாது அண்ணே. பயம் போவதற்கு மட்டும் போதும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

இது உங்கள் தவறு இல்லை. ஸுல்கிஃப்லி அண்ணனின் தவறும் இல்லை. பல நாடுகளில் பல நல்லவர்கள் நல்ல மனதோடு செய்த காரியங்கள் இப்படி முடிந்திருக்கின்றன என்று எங்கள் பாடத்திலேயே வருகிறது. அதைப் படித்தபோது என் வீட்டுக்குள் வரும் என்று நினைக்கவில்லை.

டிசம்பர் விடுமுறை வருகிறது. பிள்ளைகள் கடற்கரைக்குப் போகும் காலம். அதனால்தான் இதற்கு மேல் தள்ள முடியவில்லை. அறக்கட்டளைக்கு இன்னும் எதுவும் அனுப்பவில்லை. முதலில் நீங்கள் படிக்க வேண்டும்.

என்னைத் திட்டி எழுதினாலும் சரி, எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
கௌரி

---

டத்தோ கிராமாட்
8 டிசம்பர் 2024

அன்புள்ள கௌரிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே இருக்கிறோம். உன் அண்ணன் ஏன் எழுதவில்லை என்று நீ நான்கு தடவை கேட்டுவிட்டாய். ஃபோனில் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிடுகிறது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை ஒரு திங்கட்கிழமை காலையில் படித்தார். படித்துவிட்டு அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்து மறுபடியும் படித்தார். என்னிடம், “ஒனக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். அதையும் சொன்னேன். கௌரிக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டபோது மறைக்க முடியவில்லை. அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை புதுக் குழுவுக்கு முதல் நாள். நான் வருகிறேன் என்று காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் வண்டியை எடுத்தார். கௌரி, இத்தனை வருஷத்தில் நான் அந்தக் குளத்துக்குப் போனதே இல்லை. தலைவலி ஒன்றும் கிடையாது. தண்ணீரில் பிள்ளைகள் கத்துகிற சத்தத்தை, என் பிள்ளை பெயர் எழுதிய பேனருக்குக் கீழே நின்று என்னால் கேட்க முடியாது. அவருக்கு அது மருந்தாக இருந்தது. அதனால் சொல்லவில்லை. உன்னிடம் எழுதாதே என்று கெஞ்சினேனே, அன்றைக்கே மனசுக்குள் ஒரு மூலையில் இந்த வகுப்பு நின்றுவிடாதா என்றும் இருந்தது. எனக்கே அது பிடிக்கவில்லை.

பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். உன் அண்ணன் பெற்றவர்களைக் கூப்பிட்டு, இன்றைக்கு வகுப்பு இல்லை, இனிமேலும் இல்லை என்றார். காரணத்தையும் மலாயில் சொன்னார். ஒரு தகப்பன் கோபித்துக்கொண்டு பிள்ளையை இழுத்துக்கொண்டு போனார்.

எல்லாரும் போன பிறகு ஸுல்கிஃப்லி தாங்காமல் பேசினான். “கம்ப்யூட்டர்ல எழுதுறவங்களுக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்லா அண்ணே? நீச்சல் தெரிஞ்ச புள்ளை எப்படி முழுகும்?”

உன் அண்ணன் பேனரை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: “ராமுவுக்குக் கொஞ்சம் நீந்தத் தெரியும், ஸுல்.”

ஸுல்கிஃப்லிக்கு அது தெரியாது. அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். நமக்கு மூன்று பேருக்கும் தெரியும். ராமு பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டான், குளத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போவான். அதை யாரும் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதற்கப்புறம் இருவரும் வீடு வீடாகப் போகிறார்கள். முதலில் செப்டம்பரில் படித்த பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். பிறகு மற்றவர்கள். நானும் சில வீடுகளுக்குப் போனேன். பெரியவர்கள் இல்லாமல் விடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார் கௌரி. சிலர் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுக்கிறார்கள். சிலர் வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள்.

அவர் எழுதும்போது எழுதட்டும். நீ சாப்பிடாமல் இருக்காதே.

கண்ணம்மை

---

டத்தோ கிராமாட், பினாங்கு
16 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை கௌரிக்கு அண்ணன் வயிரவன் எழுதுவது.

தைப்பூசம் முடிந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு இருவரும் போய்வந்தோம். உன் பெயருக்கும் அர்ச்சனை செய்தாள் கண்ணம்மை. எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரை போடுகிறேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அறிக்கை சரியானது. ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். தப்பு இருக்குமா என்று தேடிக்கொண்டுதான் படித்தேன், கிடைக்கவில்லை. அறக்கட்டளைக்கு நானே எழுதி, அதை இணைத்து அனுப்பிவிட்டேன். வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டிருந்தார்கள். வேறு ஊரில் யாராவது இதையே தொடங்குமுன் உன் அறிக்கையைப் படிப்பார்கள் என்று எழுதியிருந்தார்கள். நல்லது.

நீ கண்டுபிடித்ததில் எனக்குக் கோபமில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் தெரிந்தும் ஏறக்குறைய இரண்டு மாதம் மறைத்துவிட்டு, நீ எனக்குப் பறவையைப் பற்றி எழுதினாயே கௌரி, அதுதான் ஆறவில்லை. அந்தச் செப்டம்பர் குழுவை நான்தான் குலுக்கி எடுத்தேன். கடைசி நாள் நான்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் கை குலுக்கிச் சான்றிதழ் கொடுத்தேன். இனி பயமில்லை என்று நானே அவர்களிடம் சொன்னேன். உனக்கு அப்போதே தெரியும். என்னால் தாங்க முடியாது என்று நீயும் கண்ணம்மையும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். தாங்க முடியாதுதான். அதை வைத்துப் பார்த்தால் உங்களையும் சொல்ல முடியவில்லை.

சலேஹா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு மலாயில் ஒன்று சொன்னார், தமிழில் எழுதுகிறேன். “முன்பு அவள் தண்ணீரைக் கண்டு பயந்தாள், நான் நிம்மதியாக இருந்தேன். நீங்கள் வந்து பயத்தை எடுத்தீர்கள். இப்போது அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள்.” கோபமாகச் சொல்லவில்லை. நெத்திலியை அள்ளிக்கொண்டே சொன்னார். நஜ்வா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவளைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

ஸுல்கிஃப்லி விடவில்லை. கடலிலேயே, பெற்றவர்களையும் பக்கத்தில் நிறுத்தி, ஒரு வருஷப் பயிற்சியாகச் செய்யப் போகிறானாம். நீரோட்டம் பார்க்கவும், எப்போது இறங்கக் கூடாது என்றும் அதில் சொல்லிக்கொடுப்பானாம். சரியா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னான். அவனுக்கு நீயே எழுது. என்னையும் கூப்பிட்டான். வரவில்லை என்றேன். பெயர் என்ன வைக்கட்டும் என்று கேட்டான். எந்தப் பெயரும் வேண்டாம் என்றேன்.

சனிக்கிழமை காலையில் கண்ணம்மையும் நானும் வீட்டில்தான் இருக்கிறோம். இத்தனை வருஷமாக ராமுவைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. நான் வகுப்பைப் பற்றிப் பேசுவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அதையே அவனைப் பற்றிய பேச்சு என்று நினைத்திருந்தேன். போன வாரம் அவன் தோசைக்குச் சீனி கேட்பதைப் பற்றிச் சொன்னாள். சீனி இல்லை, தேன் என்றேன். கொஞ்ச நேரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டோம். பிறகு இருவராலும் உட்கார முடியவில்லை. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள், நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

ஜூலையில் நீ வந்தால் உன் அறையிலேயே தங்கு. வேறு எங்கும் தங்க நினைக்காதே. நான் அதிகம் பேசாவிட்டால் பொறுத்துக்கொள்.

எழுதுவதை நிறுத்தாதே. பறவையைப் பற்றியும் எழுது. நான் படிப்பேன். பதில் போட எனக்குக் கொஞ்ச காலம் ஆகும்.

அண்ணன்,
வயிரவன்